வளாகத்துக்குள் எத்தனை ஒயர் வருகிறது? ஆட்சியர்களுக்கும் ஆணையர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும் வணக்கம்.

அரசுக் கடிதம் என்றால் 'பொருள்', 'பார்வை' என்று தொடங்க வேண்டும். பொருளைச் சொல்லிவிடுகிறேன்: ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு துறைக்கொரு இணைப்பு, துறைக்கொரு பாஸ்வேர்டு, துறைக்கொரு ஆள் என்று நடந்துகொண்டிருக்கும் நெட்வொர்க் பாதுகாப்பை ஒன்றாக்குவது தொடர்பாக. பார்வையில் போடுவதற்கு என்னிடம் அரசாணை எண் எதுவும் இல்லை. இருபது வருடமாக அரசு அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன், கேபிள் இழுக்கிறேன். உங்கள் கட்டடங்களில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன கிடக்கிறது என்று தெரிந்த சிலரில் நானும் ஒருவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. குறைதீர்க்கும் நாள் என்பதால் வளாகம் முழுக்க மனுவோடு ஜனம். ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எந்த ஊர், எந்தத் துறை என்பதெல்லாம் வேண்டாம். பேசியது தினக்கூலியில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண். "அண்ணா, ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது. எல்லாப் பேருக்குப் பின்னாடியும் ஏதோ இங்கிலீஷ் எழுத்து ஒட்டிக்கிட்டிருக்கு. சூப்பிரண்டு சார் சத்தம் போடுறாங்க."

போய்ச் சேர்ந்தபோது திரையில் அந்த அறிவிப்பு நின்றுகொண்டிருந்தது. கோப்புகளைப் பூட்டியாயிற்று, சாவி வேண்டுமானால் இந்த முகவரிக்கு எழுதவும் என்று. ரான்சம்வேர். பயனாளிகள் பட்டியல், ஆதார் ஸ்கேன், ஐந்து வருடச் செலவுக் கணக்கு எல்லாம் உள்ளே. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் பெருமையோடுதான் மேசைக்கு அடியில் கையைக் காட்டியது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், அதே கம்ப்யூட்டரில் சொருகியபடியே, நீல விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதற்குள்ளும் ஒரு ஃபைல் மிச்சமில்லை.

மதியம் ஒரு மணிக்குக் கீழ்த்தளத்திலிருந்து இன்னொரு துறைக்காரர் ஏறி வந்தார். அவருடைய ஆபீசிலும் மூன்று மெஷின் அப்படியே. இரண்டு துறைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தலைமை அலுவலகம் வேறு, சாஃப்ட்வேர் வேறு, இணைய இணைப்புக்கு பில் கட்டுவதுகூடத் தனித்தனியாக. பிறகு எப்படி என்று யோசித்துக்கொண்டே மாடிப்படி மூலையில், கம்ப்யூட்டர் கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தேன். இருபத்து நான்கு போர்ட் ஸ்விட்சிலிருந்து ஒரு மஞ்சள் கேபிள் சுவரோட்டை வழியாகக் கீழே இறங்கியது. நான்கு வருடத்துக்கு முன் கீழ்த்தளத்தில் பில் கட்டாமல் பிராட்பேண்ட் துண்டானபோது, "ரெண்டு நாளைக்கு மட்டும், தற்காலிகமா" என்று மாடியிலிருந்து இறக்கிய ஒயர் அது. பில் கட்டினார்கள், இணைப்பு திரும்பி வந்தது, ஒயரை மட்டும் யாரும் கழற்றவில்லை.

ஐயா, அந்த ஒயரை இழுத்தவன் நான்தான். நானூறு ரூபாய் வாங்கினேன்.

அன்றைக்கு மீதி நேரமெல்லாம் போனில் போயிற்று. வளாகத்து நெட்வொர்க்கைப் பார்க்கிறவர்கள், "அது எங்க லைன் இல்லையே, துறை சொந்தமா வாங்கின பிராட்பேண்ட்" என்றார்கள். இணைப்புக் கொடுத்தவர்கள், லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். மெஷின் கொடுத்தவர்களிடம் கேட்டால் வாரண்டி முடிந்துவிட்டது. சென்னைக்குச் சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்று சூப்பிரண்டுக்குப் பயம். கடைசியில் சாயங்காலம் ஆறு மணிக்கு என்னிடமே திரும்பி வந்தார்கள். "ஃபார்மட் போட்டுக் குடுத்திடுங்க. நாளைக்கு ரிவ்யூ மீட்டிங் இருக்கு." எட்டு மெஷினுக்குப் போட்டுக் கொடுத்தேன். யார் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், எதை எடுத்துப்போனார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நானே துடைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்றைக்கு இப்படி யாருக்கும் சொல்லாமல் துடைத்துவிட்டால் அது விதிமீறல். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார், என்ன செய்தார் என்று சாதனங்கள் எழுதி வைக்கும் லாக் பதிவுகளை 180 நாளுக்குப் பத்திரப்படுத்த வேண்டும். அரசு அலுவலகங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அந்த மாடிப்படி மூலையில் லாக் எழுதுகிற சாதனமே ஒன்றும் இல்லை. நூறு ரூபாய்க்கு ஒரு போர்ட் என்று கணக்குப் போட்டு வாங்கிய ஸ்விட்ச் அது. இணைப்பவரை எல்லாம் இணைக்கும், யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.

எங்கள் பக்கத்து ஏரிகள் சங்கிலியாக இருக்கும். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கு வரும். மேல் ஏரிக் கரை உடைந்தால் கீழ் ஏரிக்காரன் எவ்வளவு பத்திரமாகக் கரை கட்டி வைத்திருந்தாலும் அவனுக்கும் சேர்த்துத்தான் வெள்ளம். நம் துறைகளின் நெட்வொர்க்கும் இப்படித்தான் கிடக்கிறது. ஒரு வித்தியாசம், ஏரிக்காவது எந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று கிராமக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது சின்ன ஊர் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்திலேயே பொதுத் துறை என்ற துறையின் கணினிகளை ரான்சம்வேர் பிடித்தது. கேட்ட தொகை 1,950 டாலர். ஒரு மாநிலத் தலைமைச் செயலகத்துக்கு அவர்கள் போட்ட விலையைப் பார்த்தால், யாரைப் பிடித்திருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அதற்கு நான்கு வருடம் முன்னால், 2017 மே 15, திங்கட்கிழமை காலை, வயநாடு மாவட்டத்தில் தரியோடு ஊராட்சி அலுவலகத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டார்கள், வானாக்ரை என்ற ரான்சம்வேர் உட்கார்ந்திருந்தது. மூன்று நாளுக்கு முன் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளை முடக்கிய அதே சமாச்சாரம், நீலகிரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊராட்சிக்கு வந்துவிட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட வேண்டியது யார் பொறுப்பு என்பதுதான் ஊராட்சிகளில் தெளிவாக இருப்பதில்லை. நம் மாநிலத்தில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன.

மேலே ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020-லேயே தமிழ்நாடு அரசு இணையப் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டுவிட்டது. மாநில அரசின் எல்காட் நிறுவனமும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து மாநில அளவில் கண்காணிப்பு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாநிலத் தரவு மையம் இருக்கிறது, மாவட்டம், வட்டம் வரை போகும் அரசின் சொந்த நெட்வொர்க்கான டி.என்.ஸ்வான் இருக்கிறது. எனக்குத் தெரிந்து கோளாறு கடைசி நூறு மீட்டரில். அரசின் இணைப்பு ஓர் அறை வரை வந்து நிற்கிறது. பக்கத்து அறைக்காரருக்கு இன்றைக்கே ஆன்லைனில் பட்டியல் ஏற்ற வேண்டும். அவர் சில்லறைச் செலவில் ஒரு பிராட்பேண்ட் வாங்கிவிடுகிறார். அது மழையில் நின்றுபோனால் தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போடுகிறார். ஒரு பக்கம் ஸ்வான் கேபிள், இன்னொரு பக்கம் செல்போன் ஹாட்ஸ்பாட், இரண்டும் ஒரே மெஷினில் ஏறியிருப்பதை எத்தனையோ மேசைகளில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அந்த ஊழியரின் கம்ப்யூட்டர், அரசின் மொத்தக் காவலையும் சுற்றிக்கொண்டு போகிற பின்வாசல் ஆகிவிடுகிறது. அவர் மேல் குற்றமில்லை. வேலை நடந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இனி, ஒன்றாக்குவது என்றால் என்ன என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எல்லாவற்றையும் ஒரே சர்வரில், ஒரே பாஸ்வேர்டில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பெயர் ஒன்றாக்குவது என்றால், தயவுசெய்து இப்போது இருப்பது போலவே விட்டுவிடுங்கள். இலங்கையில் 2023-ல் நடந்ததைப் பாருங்கள். அரசு மின்னஞ்சல் எல்லாம் ஒரே அரசு கிளவுடில் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ரான்சம்வேர் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. பேக்கப்? அதுவும் அதே இடத்தில் இணைப்பிலேயே இருந்ததால் சேர்ந்து பூட்டிக்கொண்டது. மேசைக்கு அடியில் நீல விளக்கு மின்னிய ஹார்ட் டிஸ்க்கின் கதைதான், நாடு அளவில்.

டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பரில் நடந்தது இன்னொரு பாடம். 5 சர்வர்கள், ஏறக்குறைய 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிகள் சீட்டைப் பல நாள் கையால் எழுதினார்கள். காரணமாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது, நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காமல் விட்டது. அங்கே காப்பாற்றியதும் ஒன்று உண்டு: பாதிக்கப்படாமல் தனியே இருந்த ஒரு பேக்கப் சர்வர். அதிலிருந்துதான் நோயாளிகள் விவரத்தை மீட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வளாகத்துக்கு வெளியே போகும் வழி ஒன்றே ஒன்று இருக்கட்டும், அதில் போவதையும் வருவதையும் சோதித்து விடும் ஒரு நல்ல ஃபயர்வால் உட்காரட்டும். கூடவே ஒரு மாற்று லைன், அதுவும் அந்த ஃபயர்வால் வழியாகவே. உள்ளே ஒவ்வொரு துறைக்கும் தனித் தடுப்பு. வருவாய்த்துறை மெஷின் கருவூல மெஷினைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? சிசிடிவி கேமராவும் பயோமெட்ரிக் வருகைப் பதிவுப் பெட்டியும் பட்டா ஏற்றும் கம்ப்யூட்டரோடு ஒரே வரிசையில் நிற்பானேன்? கேமராவை மாட்டியவர் வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக வெளியுலகுக்குத் திறந்துவிட்டுப் போன டி.வி.ஆர்.களை (கேமரா பதிவுப் பெட்டிகளை) நான் விரல்விட்டு எண்ணி நிறுத்திக்கொண்டேன், கை போதவில்லை. பாஸ்வேர்டு பெரும்பாலும் பெட்டியில் அச்சடித்து வந்ததே.

வீட்டு வேலைக்கு வருகிறவர் சாவியைக் கையோடு கொண்டுபோக விட மாட்டோம். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் விட்டிருக்கிறோம். நான் சொன்ன அந்தத் திங்கட்கிழமைச் சம்பவத்தில் திருடன் வந்த வழி, என் கணிப்பில், ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் வழி. சாஃப்ட்வேரில் திருத்தம் செய்ய ஒரு கம்பெனி ஆள் திறந்துவைத்தது. வேலை முடிந்தது, அவர் வேறு கம்பெனிக்கும் போய்விட்டார், கதவு திறந்தே இருந்தது. பாஸ்வேர்டு அலுவலகத்தின் பெயரும் அதற்குப் பின்னால் 123-ம். அமெரிக்காவின் டெக்சாஸில் 2019 ஆகஸ்டில் 22 உள்ளாட்சி அமைப்புகள் ஒரே நாளில் மாட்டியதும் இப்படித்தான், எல்லாருக்கும் பொதுவாகச் சேவை செய்த ஒரு நிறுவனத்தின் வழியாக. ஆனால் அங்கே மாநில அரசு முன்கூட்டியே திட்டம் வைத்திருந்தது, ஒரே இடத்திலிருந்து ஆட்களை அனுப்பியது, கேட்ட 25 லட்சம் டாலரைக் கொடுக்காமலே மீண்டார்கள். கதவு பொதுவாக இருந்தது கெடுத்தது, காவல் பொதுவாக இருந்தது காப்பாற்றியது.

அப்புறம் பதிவேடு. ஒவ்வொரு அலுவலகத்திலும் இருப்புப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள். நாற்காலியின் முதுகில் பெயிண்டில் எண் எழுதி, வருடா வருடம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். உடைந்த நாற்காலியைக் கழிவு செய்யக்கூட ஒரு கோப்பு ஓடுகிறது. ஆனால் இந்த வளாகத்தில் எத்தனை பிராட்பேண்ட் இணைப்பு, எத்தனை வைஃபை ரவுட்டர், எந்த மெஷினில் எந்த விண்டோஸ் என்று கேட்டால் எந்தப் பதிவேட்டிலும் விடை இல்லை. விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் கைகழுவிவிட்டது, விண்டோஸ் 10-ஐ 2025 அக்டோபரில். நான் போகிற இடங்களில் இரண்டும் இன்னும் ஓடுகின்றன. இருப்புப் பதிவேட்டில் நான்கு பத்தி கூடுதலாகக் கோடு போட்டால் போதும்: எந்த ஸ்விட்சில் எத்தனையாவது போர்ட், எந்தப் பதிப்பு, கடைசியாக எப்போது அப்டேட், பேக்கப் எங்கே. புதுச் சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். கோடு போட்ட நோட்டே போதும்.

ஆட்கள் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. அதிகாரியின் லாகினில் தினக்கூலி ஆபரேட்டர் வேலை செய்கிறார் என்பது ஊரறிந்த ரகசியம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் நாள் முழுக்கச் சொருகியே இருக்கும், பின் நம்பர் மானிட்டரின் கீழ் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவில். அதிகாரி மாறுதலாகிப் போய் எட்டு மாதம் கழித்தும் அவர் பெயரில் லாகின் உயிரோடு இருக்கும். இதற்கு அந்த ஆபரேட்டர்களைப் பிடித்துத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது விண்ணப்பம் ஏற்று என்று சொல்லிவிட்டு, அதிகாரி முகாமுக்குப் போய்விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கென்று அவரவர் பெயரில், அவரவர் வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் லாகின் கொடுங்கள். விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போடும் அன்றே லாகினும் அடைபடட்டும். இதை ஒவ்வொரு துறையும் தனித்தனியே செய்யாது. மாவட்டத்துக்கு ஒருவர் கையில் இருந்தால் நடக்கும்.

அந்த ஒருவர்தான் இந்தக் கடிதத்தின் மையம். தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2023 ஜூனில் அரசு அமைப்புகளுக்குத் தந்த வழிகாட்டுதலிலும் இருக்கிறது. நான் பார்த்த வரையில் அந்தப் பொறுப்பு ஏற்கெனவே ஆறு பொறுப்பு வைத்திருப்பவருக்கு ஏழாவதாகப் போகிறது. அப்படி வேண்டாம். வேறு வேலை இல்லாத ஒரு முழுநேர ஆள், ஒரு போன் நம்பர், அந்த நம்பர் ஒவ்வொரு ஆபரேட்டர் மேசையிலும் கண்ணாடிக்கு அடியில் இருக்க வேண்டும். இன்னொன்று: தப்பு நடந்துவிட்டது என்று முதலில் சொல்பவருக்கு மெமோ கிடையாது என்று நீங்கள் எழுத்தில் தர வேண்டும். அது இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஆளைக் கூப்பிட்டு ஃபார்மட் போடச் சொல்வதுதான் தொடரும்.

ஏன் இதெல்லாம் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஃபயர்வாலை எந்தக் கணக்குத் தலைப்பில் வாங்குவது? எல்லாத் துறைக்கும் பொதுவான பொருளுக்கு எந்தத் துறை பணம் கட்டும்? பிராட்பேண்ட் என்றால் மாதம் ஆயிரம் ரூபாய், சில்லறைச் செலவில் முடிந்துவிடும். பொது ஃபயர்வால் என்றால் டெண்டர், தணிக்கை, யார் பராமரிப்பு என்று மூன்று கேள்வி. ஆனால் ஒரு வளாகத்தில் முப்பது துறை ஆளுக்கு ஆயிரம் கட்டினால் வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். அந்தப் பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, சிதறலாக.

ஆணையர்களிடம் தனியாக ஒரு சொல். மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உள்ள அமைப்புகள். நகர்ப்புற அமைப்புகள் ஒரு துறையின் கீழ், ஊராட்சிகள் இன்னொரு துறையின் கீழ். ஆட்சியரகத்திலிருந்து ஓர் ஆணை போட்டு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்வது முறையும் இல்லை, நல்லதும் இல்லை. சொத்துவரிக் கணக்கும் பிறப்பு இறப்புப் பதிவும் உங்களிடமே இருக்கட்டும். கண்காணிப்பை மட்டும் சேர்ந்து செய்யுங்கள். பெரிய மாநகராட்சிக்குத் தனி ஆள் வைக்க வசதி உண்டு. பதினைந்து பேர் வேலை பார்க்கும் பேரூராட்சி எங்கே போகும்? இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்விட்சில் விசித்திரமாக ஏதாவது நடந்தால் பார்க்க அங்கே ஆளில்லை. மாவட்டத்துக்குப் பொதுவாக ஒருவர் பார்த்தால் போதும்.

பேக்கப் பற்றி மட்டும் திரும்பச் சொல்லி அறுக்கிறேன், மன்னிக்கவும். வாரம் ஒரு முறை எடுங்கள், எடுத்ததும் கழற்றிக் கருவூலத்துப் பெட்டகம் போல ஒரு இடத்தில் பூட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலையாக ஒன்று செய்யலாம். குறைதீர்க்கும் நாள் இல்லாத ஒரு காலையில், உங்கள் பி.ஏ.வையும் விவரம் தெரிந்த ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். மதிலைத் தாண்டி, மரக்கிளை வழியாக, ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வரும் ஒயர்களை எண்ணுங்கள். உள்ளே போய் ஸ்விட்ச் பெட்டிகளின் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

நான் சொன்ன மாடிப்படி மூலைப் பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாவி இரவுக் காவலரிடம். மஞ்சள் கேபிளை அன்றைக்கே அறுத்துவிட்டேன். போன மாதம் வேறு வேலைக்காகத் திறந்தபோது லேபிள் இல்லாத ஒயர் பதினொன்று இருந்தது. ஏழு எங்கே போகிறது என்று என்னால் சொல்ல முடியும். மீதி நான்கும் நான் இழுத்தது இல்லை. யார் இழுத்தது என்று அந்த ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கேபிள் இழுக்கும் ஒருவன்